ஆலைக்குளமும் சிங்கப்பூர்க் குழாயும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கோத்தா திங்கி பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆலைக்குளத்தை மூக்குதான் முதலில் காட்டிக்கொடுக்கும். சாயங்காலம் காற்று தொழிலாளர் லயத்துப் பக்கம் திரும்பினால் சோறு இறங்காது. குலைகளை ஆவியில் வேகவைத்து எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் காப்பி நிறக் கழிவுநீர் அது. ஒரு டன் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை டன்னாவது சேரும். குளத்தில் பாக்டீரியாக்கள் அதைத் தின்று மீத்தேன் குமிழ்களை விடும். கழிவின் புரதத்தில் இருந்த நைட்ரஜன் அமோனியாவாகத் தங்கிவிடும்.

அடைமழையில் குளம் வழிந்தால் அது வாய்க்கால் பிடித்து ஜொகூர் ஆற்றுக்குப் போகும். கோழிப்பண்ணை எருவுக்கும் மரத்தடி யூரியாவுக்கும் அதே வழிதான்.

அந்த ஆற்றில் 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் நாளுக்கு 25 கோடி கேலன் வரை 2061 வரைக்கும் எடுக்கலாம். ஆயிரம் கேலனுக்கு 3 மலேசியக் காசு.

சுத்திகரிப்பில் கிருமியைக் கொல்வது குளோரின். தண்ணீரில் அமோனியா இருந்தால் குளோரின் கிருமியிடம் போகுமுன்பே அதோடு கூடி குளோரமீன் ஆகிவிடும். கிருமி கொல்வதில் குளோரமீன் மந்தம். சரி, இன்னும் கொஞ்சம் குளோரின் ஊற்றினால்? அமோனியாவில் உள்ள 1 கிராம் நைட்ரஜனை முடிக்கவே கணக்குப்படி 7.6 கிராம் குளோரின் வேண்டும். நடைமுறையில் இன்னும் கூடும். அமோனியா அளவு மீறினால் சுத்திகரிப்பு ஆலையை நிறுத்துவதுதான் வழி. 2019 ஏப்ரலில் ஜொகூர் ஆற்றில் அமோனியா ஏறியபோது அப்படித்தான் நிறுத்தினார்கள்.

1942 ஜனவரி 31இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஜொகூர் பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தபோது சிங்கப்பூருக்கு வரும் தண்ணீர்க் குழாயும் சேர்ந்து போயிற்று. இன்றைக்குக் குழாயை யாரும் தொட வேண்டியதில்லை, ஆற்றில் அமோனியா ஏறினாலே தண்ணீர் நின்றுவிடும். மறுசுழற்சி நீர், கடல்நீர்ச் சுத்திகரிப்பு என்று சிங்கப்பூர் மாற்றுவழி தேடிவிட்டது உண்மைதான், ஆனால் இரண்டும் மின்சாரத்தை விழுங்கும். ஆகவே மேலாற்றில் எந்தத் தோட்டம் தொழிற்பேட்டை ஆகிறது, எந்த மேனேஜர் குளத்தைத் தூர் வாருகிறார் என்பதெல்லாம் என் பார்வையில் அந்தப் பணக்கார அண்டை வீட்டின் பாதுகாப்பு விஷயமே.

வறட்சியில் சிக்கல் இரட்டிப்பாகும். ஆறு இளைத்தால் கடல் உப்பு உள்ளே ஏறும், அமோனியாவும் நீர்த்துப்போகாமல் அடர்த்தியாகும். இரண்டையும் தள்ளிவிட மேலே லிங்கியு அணையைத் திறக்கிறார்கள். அது சிங்கப்பூர் பணத்தில் ஜொகூர் மண்ணில் எழுந்த அணை. 2016 அக்டோபரில் அதில் இருந்தது ஐந்தில் ஒரு பங்குத் தண்ணீர்தான்.