சொடுக்கும் நொடியில் பிறக்கும் பட்டியல்

மன்னார்குடியில் கணினி மையம் நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "சம்பா பயிர்க் காப்பீட்டுக் காலத்தில் விவசாயி ஒருவருக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் என்று நான்கு ஃபோல்டர்கள் உருவாக்குகிறேன். ஐப்பசியில் கடை வாசலில் வரிசை நிற்கும்போது இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. வலது கிளிக் செய்தால் வரும் பட்டியலில் இதற்கென ஒரு கட்டளையை நானே சேர்க்க முடியுமா?"

முடியும். விண்டோஸ் கணினியில் இதற்குத் தனி மென்பொருள்கூட வேண்டாம்.

அந்தப் பட்டியல் விண்டோஸுக்குள் முன்பே எழுதி வைக்கப்பட்டது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் நீங்கள் சொடுக்கும் வரை அப்படி ஒரு பட்டியலே இல்லை. சொடுக்கியதும், ஃபோல்டர்களைத் திறந்து காட்டும் விண்டோஸ் நிரலான எக்ஸ்ப்ளோரர் முதலில் பார்ப்பது, எதன்மேல் சொடுக்கினீர்கள் என்பதைத்தான். கோப்பு என்றால் அதன் வகை. ஃபோல்டர் என்றால் 'டைரக்டரி'. வட்டு என்றால் 'டிரைவ்'. ஃபோல்டருக்குள் வெற்றிடத்தில் சொடுக்கினால் அதற்கும் தனிப் பெயர் உண்டு: டைரக்டரியின் கீழ் 'பேக்கிரவுண்ட்'. வகை தெரிந்ததும், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டுக்குப் போகிறது. 1992இல் விண்டோஸ் 3.1 காலத்திலேயே வந்த பதிவேடு இது. அங்கே அந்த வகையின் கீழ் 'ஷெல்' என்ற கிளையில் என்னென்ன பெயர்கள் இருக்கின்றனவோ, அவை பட்டியலில் வரிகளாகின்றன. ஒவ்வொரு பெயருக்குக் கீழும் 'கமாண்ட்' என்றொரு சாவி (பதிவேட்டின் கிளைகளை ஆங்கிலத்தில் 'கீ' என்பார்கள்). அதில் இருப்பது ஒரே ஒரு வரி உரை.

அந்த வரி என்ன செய்யும் என்று எக்ஸ்ப்ளோரருக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. வரியில் %1 என்று இருக்கும் இடத்தில் ஃபோல்டரின் முழு முகவரியை வைத்து, அப்படியே இயக்கிவிடுகிறது. இதை எழுதியவர்கள் நம்முடைய சிட்டாவையும் அடங்கலையும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் அவர்கள் விட்டுவைத்த ஒரு காலி இடத்தில் நம் வேலை கச்சிதமாகப் பொருந்துகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத வடிவமைப்பு இது. பதிவேட்டைத் திருத்த விண்டோஸிலேயே இருக்கும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் பெயரையும் கமாண்ட் வரியையும் சேர்த்துவிட்டு, கணினியை மறுபடி தொடக்காமல் உடனே வலது கிளிக் செய்து பாருங்கள்: உங்கள் வரி வந்து நிற்கும்.

எங்கே எழுதுவது? கணினி முழுவதற்கும் ஒரு பகுதி, பயனருக்கென ஒரு பகுதி என இரண்டையும் விண்டோஸ் சேர்த்தே படிக்கிறது. ஒரே பதிவு இரண்டிலும் இருந்தால் பயனருடையதே செல்லும். ஆகவே பயனர் பகுதியான 'எச்கீ கரண்ட் யூசர்' என்பதன் கீழ் சாஃப்ட்வேர், கிளாசஸ், டைரக்டரி, ஷெல் என்று இறங்குங்கள். இல்லாத கிளையை உருவாக்கிக்கொள்ளலாம். ஷெல்லின் கீழ் 'காப்பீட்டு ஃபோல்டர்கள்' என்று ஒரு சாவி, அதன் கீழ் 'கமாண்ட்' சாவி, அதன் டீஃபால்ட் மதிப்பாக இந்த வரி:

சிஎம்டி /சி எம்டி "%1\சிட்டா" "%1\அடங்கல்" "%1\ஆதார்" "%1\பாஸ்புக்"

இதில் சிஎம்டி என்பது கட்டளைகளை இயக்கும் விண்டோஸ் நிரல், எம்டி என்பது ஃபோல்டர் உருவாக்கும் கட்டளை. கிளைகளின் பெயர்களையும் 'கமாண்ட்' என்பதையும் சிஎம்டி, சி, எம்டி ஆகியவற்றையும் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். 'காப்பீட்டு ஃபோல்டர்கள்' என்ற உங்கள் வரியின் பெயரும் ஃபோல்டர் பெயர்களும் தமிழிலேயே இருக்கலாம். மேற்கோள் குறிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். 'நீடாமங்கலம் சம்பா' என்று இடைவெளியுள்ள பெயர் வந்தால், குறி இல்லாதபோது நீடாமங்கலம் தனியாகவும் சம்பா தனியாகவும் பிரிந்து, தேவையில்லாத ஃபோல்டர்கள் முளைக்கும். வெற்றிடத்தில் சொடுக்கும்போதும் கட்டளை வர வேண்டுமென்றால் பேக்கிரவுண்டின் கீழுள்ள ஷெல்லிலும் இதையே எழுதுங்கள். அங்கே %1 உதவாது, 1க்குப் பதில் ஆங்கில 'வி' எழுத்து.

ரெஜிஸ்ட்ரியைத் தொட்டாலே கணினி செத்துவிடும் என்று தஞ்சாவூர் முதல் நாகப்பட்டினம் வரை கடைக்குக் கடை சொல்கிறார்கள். காரணம் கேட்காமல் கைமாறி வரும் எந்த அச்சமும் மூடநம்பிக்கைதான், அது கணினியைப் பற்றியதாக இருந்தாலும். கண்டதை அழித்தால் ஆபத்து, உண்மை. அதற்குத்தான் முன்னதாக அந்தக் கிளையை எக்ஸ்போர்ட் செய்து, அதாவது ஒரு கோப்பாக நகலெடுத்து, வைக்கும் வசதி இருக்கிறது. உங்கள் பகுதியில் ஒரு சாவி சேர்ப்பதற்கு அட்மின் அனுமதிகூடத் தேவையில்லை, வேண்டாமென்றால் அழித்துவிடலாம். 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கியது. அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கையாவது அதன் உள்ளே எட்டிப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கு ஒதுக்கியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விண்டோஸ் 11இல் உங்கள் வரி முதல் பார்வைக்குத் தெரியாது. ஷிப்ட் விசையுடன் எஃப்10 அழுத்தினால் வரும் பழைய பட்டியலில் இருக்கும். பல விவசாயிகளின் ஃபோல்டர்களை ஒன்றாகத் தேர்ந்தெடுத்தும் கட்டளையை இயக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை அது ஓடும். 15க்கு மேல் தேர்ந்தெடுத்தால் மட்டும் உங்கள் வரி பட்டியலிலிருந்து மறைந்துவிடும். அது பிழையன்று, விண்டோஸ் வைத்திருக்கும் வரம்பு. பதினைந்து பதினைந்தாகப் பிரித்துச் செய்யுங்கள்.