உப்பா, மேகமா, வெண்பனியா?

சித்திரை வெயிலில் வாலிநோக்கம் உப்பளங்கள் பக்கம் போனால் கண்ணைத் திறக்க முடியாது. பாத்தியில் விளைந்த உப்பும், வாரிக் குவித்த உப்பும் அப்படிப் பளீரென்று இருக்கும். மேலிருந்து எடுத்த சாதாரணப் படத்தில் இந்த வெண்மைக்கும் இமயமலைப் பனியின் வெண்மைக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மேகமும் வெள்ளைதான். அப்புறம் எப்படி 700, 800 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள் பனியை மட்டும் பிரித்துக் காண்கிறது?

பனி என்றால் நமக்கு மார்கழி விடியலில் வைக்கோல் படப்பை நனைக்கும் ஈரம். நான் சொல்வது பஞ்சாக விழுந்து மலையில் மாதக்கணக்கில் தங்கும் வெண்பனி. லடாக்கின் லே பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர்தான் மழையும் பனியும். நம் ராமநாதபுரத்தில் சுமார் 800 மில்லிமீட்டர் பெய்கிறது. அதையே வானம் பார்த்த பூமி என்கிறோம். அங்கே பார்லி விளைகிறதென்றால் மலைப்பனி உருகி வரும் தண்ணீரால்தான். ஐப்பசி, கார்த்திகை மழையை நாம் கண்மாயில் தேக்குவதுபோல, குளிர்காலத்து ஈரத்தை மலை பனியாகத் தேக்கி, வெயில் ஏறும்போது மடை திறக்கிறது. சிலியின் ஆண்டிஸ், மொராக்கோவின் அட்லஸ் மலைகளின் அடிவாரங்களிலும் இதே கதைதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியையும் செயற்கைக்கோள் பார்க்கிறது. பச்சை ஒளியைப் பனி அப்படியே திருப்பி அனுப்பிவிடும். ஆனால் சிற்றலை அகச்சிவப்பு என்ற ஒளியைப் பனிக்கட்டி விழுங்கிவிடும். அந்த ஒளியில் எடுத்த படத்தில் பனி கறுப்பாகத் தெரியும். மேகத்தின் நீர்த்துளிகள் மிகப் பொடியானவை என்பதால் ஒளி விழுங்கப்படுவதற்கு முன்பே சிதறி வெளியேறிவிடும். அதனால் இந்த நீர்த்துளி மேகம் இரண்டு ஒளியிலும் வெள்ளைதான்.

இதை ஒரு கணக்காகப் போடுகிறார்கள்: இரண்டு அளவுகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். பனி பச்சையில் 80, அகச்சிவப்பில் 10 என்று வைத்துக்கொள்வோம். 70ஐ 90ஆல் வகுத்தால் 0.78. மேகத்துக்கு 70, 50 என்றால் விடை 0.17. வழக்கமாக 0.4க்கு மேல் வந்தால் பனி. அமெரிக்காவின் டெர்ரா செயற்கைக்கோளில் 1999இல் ஏவப்பட்ட மோடிஸ் கருவி 500 மீட்டர் கட்டங்களாக நாள்தோறும் இப்படிப் பார்க்கிறது. நம் இஸ்ரோவின் ரிசோர்ஸ்சாட் இன்னும் நுணுக்கமாக, 56 மீட்டர் கட்டங்களாகப் பார்க்கிறது.

காய்ந்த உப்பு அகச்சிவப்பையும் திருப்பி அனுப்புவதால், பனி இல்லை என்று இந்தக் கணக்கில் மாட்டிக்கொள்ளும். ஈர உப்புதான் பனிபோல் வேஷம் போட்டுத் தப்பிக்கப் பார்க்கும், ஏனென்றால் நீரும் அகச்சிவப்பை விழுங்கும். வறண்ட நிலங்களில் உப்புச் சமவெளிகள் ஏராளம் என்பதால் இது நிஜமான தொல்லை. அதற்கு மோடிஸ் கணக்கில் ஒரு எளிய காவல் உண்டு: கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்குக் கீழே, சுமார் 8 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்கும் இடத்தில் பனி என்று விடை வந்தால் அதை அடித்துவிடும். வாலிநோக்கம் ஒருநாளும் இமயமலை ஆகாது.

ஆனால் பரப்பு தெரிந்தால் போதுமா? தூர்ந்துபோன கண்மாயும் கரை தொட்டு நிற்கும்போது நிறைந்த கண்மாயாகத்தான் தெரியும்; இறங்கினால் முழங்கால் அளவுதான். பனியும் அப்படியே. அதன் ஆழத்தை நுண்ணலைக் கருவிகள் ஓரளவு சொல்லும். ஆனால் அவற்றின் ஒரு கட்டமே பல கிலோமீட்டர் அகலம் என்பதால், குறுகிய மலைப் பள்ளத்தாக்குக்கு அவை உதவுவதில்லை.

அதற்கு விஞ்ஞானிகள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு கட்டத்திலும் பனி எந்த நாளில் மறைந்தது என்று படங்களில் பார்க்கிறார்கள். அதுவரை அந்த இடத்தில் விழுந்த வெயிலையும் வெப்பத்தையும் பின்னோக்கிக் கூட்டினால், எவ்வளவு பனி உருகியிருக்கும் என்று வந்துவிடும். கண்மாய் வற்ற எத்தனை நாள் ஆனது என்பதை வைத்து ஆழத்தைச் சொல்வதுபோல. வறண்ட மலையில் கூடுதலாக ஒரு கழித்தல் உண்டு: காற்றின் வறட்சியால் பனியில் ஒரு பங்கு உருகாமலே ஆவியாகிவிடும், அது ஓடைக்கு வராது. அதோடு பனி முழுக்கப் போன பிறகுதான் இந்த விடை கிடைக்கும். விதைக்கப்போகிறவருக்கு அது தாமதம். அதனால் 2000ஆம் ஆண்டு முதல் சேர்ந்திருக்கும் படங்களை எடுத்து, இந்தப் பங்குனியின் பனிப்பரப்பு முன்பு எந்த ஆண்டைப் போல இருக்கிறது, அந்த ஆண்டு ஓடையில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று ஒப்பிட்டுச் சொல்கிறார்கள்.