மருந்து 'கொடுக்கவில்லை' என்றால் என்ன பொருள்?

வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கு வேலைக்குப் போகும் செவிலியர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.க்குத் தயாராகிறவர்கள் பெரும்பாலும் கடிதம் எழுதுவதற்கும் உச்சரிப்புக்கும்தான் பயப்படுகிறார்கள். என் கவலை வேறு. ஆல்ரெடி, யெட், ஸ்டில், ஜஸ்ட், சின்ஸ் என்ற சில சிறு சொற்களும், அவற்றோடு கைகோத்து வரும் பிரசென்ட் பெர்ஃபெக்ட் என்ற வினை வடிவமும் ('ஹேவ் கிவன்', 'ஹேஸ் ஈட்டன்' போல ஹேவ், ஹேஸ் சேர்ந்து வருவது) வார்டில் தவறாகப் போனால், மதிப்பெண் குறைவதோடு விஷயம் நிற்காது. ஒரு நோயாளிக்கு ஒரே மருந்து இரண்டு முறை போகலாம். போக வேண்டிய மருந்து போகாமலும் இருக்கலாம்.

ஷிஃப்ட் மாறும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். இரவுப் பணி முடித்தவர், காலைப் பணிக்கு வந்தவரிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் நிலவரம் சொல்கிறார். நம்மவர் 'ஐ டிட் நாட் கிவ் த இன்சுலின்' என்கிறார். தமிழில் யோசித்துப் பேசுகிறவருக்கு இதில் குறையே தெரியாது. 'கொடுக்கவில்லை' என்ற ஒரே வடிவம் நமக்கு இரண்டு வேலை செய்கிறது. கொடுக்காமல் விட்டுவிட்டேன் என்றும் பொருள்படும். இனிமேல்தான் கொடுக்க வேண்டும் என்றும் பொருள்படும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. கேட்கிற பிரிட்டிஷ் செவிலியர் முதல் பொருளைத்தான் எடுத்துக்கொள்வார். சர்க்கரை குறைந்திருந்ததோ, மருத்துவர் நிறுத்தச் சொன்னாரோ, அந்த வேளை ஊசி வேண்டாம் என்று முடிவாகிவிட்டது என்பதே அவர் காதில் விழும் செய்தி. நம்மவர் சொல்ல நினைத்ததோ, காலை உணவு வரவில்லை, வந்ததும் போட வேண்டும் என்பது. 'ஐ ஹேவன்ட் கிவன் ஹிம் ஹிஸ் இன்சுலின் யெட்' என்று சொல்லியிருந்தால் வேலை பாக்கி இருக்கிறது, அதை இனி நீங்கள் செய்ய வேண்டும் என்பது உடனே விளங்கியிருக்கும்.

மருந்துப் பதிவேடு இருக்கிறதே, அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ள மாட்டார்களா என்று வகுப்பில் கேட்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பதிவேட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும்போது, அது ஏன் காலியாக இருக்கிறது என்பதை வாய்மொழிதான் விளக்குகிறது. அந்த வாய்மொழியே தவறான பக்கம் கைகாட்டினால் பதிவேடு காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது.

யெட் என்பதும் ஸ்டில் என்பதும் நமக்கு 'இன்னும்' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவதால், இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். அறுவை சிகிச்சைக்குப் பின் சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து 'ஹி ஹேஸன்ட் பாஸ்டு யூரின் யெட்' என்றால் அது சாதாரணத் தகவல். போவார், காத்திருக்கிறோம் என்பது தொனி. ஆறு மணி நேரம் கடந்த பிறகு 'ஹி ஸ்டில் ஹேஸன்ட் பாஸ்டு யூரின்' என்று சொன்னால், இந்நேரம் போயிருக்க வேண்டும், எனக்குக் கவலையாக இருக்கிறது, மருத்துவரைக் கூப்பிடலாமா என்பது வரை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடும். யெட் வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். ஸ்டில் ஹேஸன்ட்டுக்கு முன்னால் வரும். இடம் மாறினால் அர்த்தம் போய்விடாது, ஆனால் கேட்பவர் ஒரு நொடி தடுமாறுவார்.

அடுத்த சிக்கல் கடிகார நேரம். 'ஐ ஹேவ் கிவன் பாரசிட்டமால் அட் சிக்ஸ்' என்பதை எல்லா வகுப்புகளிலும் கேட்கிறேன். 'ஆறு மணிக்குக் கொடுத்திருக்கிறேன்' என்பது நல்ல தமிழ் என்பதால் ஆங்கிலத்திலும் அது சரியென்று தோன்றுகிறது. ஆங்கிலத்திலோ மணி சொன்னாலும், நேற்று, நேற்றிரவு, போன வாரம் என்று முடிந்துபோன காலத்தைச் சொன்னாலும் பிரசென்ட் பெர்ஃபெக்டுக்கு அங்கே இடமில்லை. நம் ஊரில் இதை யாரும் திருத்துவதில்லை, எல்லோரும் இப்படித்தான் பேசுகிறோம். அங்கே போனால் இது உறுத்தும்.

இதற்கு நான் சொல்லித்தருவது ஒரே ஒரு வழி. செய்தியை இரண்டு வாக்கியமாக உடையுங்கள். முதல் வாக்கியத்தில் செய்தி: 'ஷீஸ் ஆல்ரெடி ஹேட் பாரசிட்டமால்.' இரண்டாவதில் நேரம்: 'ஷி ஹேட் இட் அட் சிக்ஸ்.' ஆல்ரெடி உள்ள வாக்கியம், மறுபடி கொடுத்துவிடாதீர்கள் என்று எச்சரிக்கிறது. மணி உள்ள வாக்கியம் அடுத்த வேளையைக் கணக்கிட உதவுகிறது. பெரியவர்களுக்கு வழக்கமாக 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் பாரசிட்டமால் கூடாது, இரண்டு வேளைகளுக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தக் கணக்குக்கு இரண்டு தகவல்களுமே தேவை. பிரிட்டிஷ் செவிலியர்களும் பெரும்பாலும் இப்படித்தான் பேசுகிறார்கள்: செய்தி பெர்ஃபெக்டில், விவரம் சிம்பிள் பாஸ்டில், அதாவது 'கேவ்', 'ஹேட்' போன்ற வெறும் இறந்தகால வடிவத்தில்.

ஜஸ்ட் என்பதும் மருந்தோடு தொடர்புள்ள சொல்தான். 'ஹீஸ் ஜஸ்ட் ஹேட் ஹிஸ் லஞ்ச்' என்றால் இப்போதுதான் சாப்பிட்டார். சர்க்கரை அளவு பார்த்தால் கூடுதலாகக் காட்டும் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். 'ஜஸ்ட் நவ்' என்று நாம் நீட்டுவதைத் தவிர்ப்பது நல்லது. பிரிட்டனில் அதோடு சிம்பிள் பாஸ்ட் வரும். தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் 'ஜஸ்ட் நவ்' என்றாலோ சற்றுப் பிறகு என்று பொருள். உங்கள் வார்டில் தென்னாப்பிரிக்கர் ஒருவர் இருந்தால் குழப்பம் உறுதி.

காணவில்லை என்று ஒரு நோயாளியைத் தேடும் நிலை வரக் கூடாது என்பதற்காக பீன், கான் என்ற இரண்டையும் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். 'ஹீஸ் கான் டு எக்ஸ்ரே' என்றால் அவர் இப்போது அங்கே இருக்கிறார், படுக்கை காலி. 'ஹீஸ் பீன் டு எக்ஸ்ரே' என்றால் போய்விட்டு வந்துவிட்டார், படம் எடுத்தாயிற்று. தமிழில் 'எக்ஸ்ரேக்குப் போயிருக்கிறார்', 'போய்விட்டு வந்துவிட்டார்' என்று தெளிவாகப் பிரித்துப் பேசுகிற நாமே, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் கான் என்று சொல்லிவிடுகிறோம். பீன் என்ற சொல்லுக்கு வார்டில் இன்னொரு பயனும் உண்டு. 'ஹேவ் யூ பீன் டுடே?' என்று வயதான நோயாளியிடம் செவிலியர் கேட்டால், எங்கே போய்வந்தீர்கள் என்று விசாரிப்பதாக நினைத்துவிடாதீர்கள். இன்று மலம் கழித்தீர்களா என்பதைக் கூச்சமில்லாமல் கேட்கும் வழி அது. 'நாட் சின்ஸ் சண்டே' என்று பதில் வந்தால் மலச்சிக்கலுக்கு மருந்து எழுதச் சொல்ல வேண்டியிருக்கும்.

நோயாளியிடம் கேள்வி கேட்கும்போது ஒவ்வொரு சிறு சொல்லும் எத்தனை காலத்தைத் தேடுகிறோம் என்று காட்டுகிறது. 'ஹேவ் யூ எவர் ஹேட் எ ரியாக்ஷன் டு பெனிசிலின்?' என்றால் பிறந்ததிலிருந்து இன்றுவரை. 'ஹேவ் யூ ஹேட் எனிதிங் டு ஈட் சின்ஸ் மிட்நைட்?' என்றால் நள்ளிரவிலிருந்து இந்த நிமிடம் வரை. எவர் என்பதை விட்டுவிட்டு 'டிட் யூ ஹேவ் எ ரியாக்ஷன்?' என்று கேட்டால், எப்போது, இந்த முறை போட்ட ஊசிக்கா என்று நோயாளி குழம்பி 'நோ' என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு. ஒவ்வாமை விஷயத்தில் அந்த ஒரு 'நோ' எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சின்ஸ், ஃபார் பற்றி எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன: தொடங்கிய புள்ளிக்கு சின்ஸ், நீளத்துக்கு ஃபார். நம்மிடம் பிழை அதற்கு முன்பே, வினையில் தொடங்குகிறது. 'இரண்டு நாளாக வலி இருக்கிறது' என்பதை அப்படியே கொண்டுபோய் 'ஹி இஸ் ஹேவிங் பெய்ன் சின்ஸ் டூ டேஸ்' என்கிறோம். 'ஹீஸ் ஹேட் பெய்ன் ஃபார் டூ டேஸ்' என்பதே சரி. தொடங்கி இன்றுவரை நீள்வது எதுவானாலும் ஹேவ் அல்லது ஹேஸ் வந்தாக வேண்டும்.

பேசுவதைவிடக் கேட்பதில் இது கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். ஹேஸ் என்பது வேகமான பேச்சில் ஒரு 'ஸ்' ஆகச் சுருங்கிவிடும். 'ஹீஸ் ஈட்டன்' என்பதை 'ஹி இஸ் ஈட்டிங்' என்று எடுத்துக்கொண்டவர்கள் என் வகுப்பில் பலர். பழகும்வரை பின்னால் வரும் வினை வடிவத்தைக் கவனியுங்கள். ஈட்டன், கிவன், ஹேட் என்று வந்தால் அந்த 'ஸ்' பெரும்பாலும் ஹேஸ்தான். சந்தேகம் இருந்தால் 'ஸோ ஹி ஹேஸ் ஆல்ரெடி ஈட்டன்?' என்று முழுதாகத் திருப்பிக் கேளுங்கள். யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். ஒப்படைப்பின்போது திருப்பிச் சொல்லி உறுதிசெய்வது நல்ல செவிலியரின் வழக்கம்.

ஓ.இ.டி. எழுத்துத் தேர்வின் 45 நிமிடங்களில், குறிப்புகளைப் படிக்க 5 நிமிடம் போக மீதி நேரத்தில் 180 முதல் 200 சொற்கள் அளவில் கடிதம் எழுத வேண்டும். அங்கேயும் இதே இரண்டு வாக்கிய முறை கைகொடுக்கும். தேதி உள்ளதெல்லாம் சிம்பிள் பாஸ்டில் போகட்டும். சேர்க்கப்பட்டதிலிருந்து ரத்த அழுத்தம் சீராக இருக்கிறது, இதுவரை காய்ச்சல் இல்லை என்பவற்றை 'சின்ஸ் அட்மிஷன்', 'ஸோ ஃபார்' என்று தொடங்கி பெர்ஃபெக்டில் எழுதுங்கள்.

அமெரிக்கா போகிறவர்களுக்கு ஒரு தகவல். அங்கே 'டிட் ஹி ஈட் யெட்?', 'ஐ ஆல்ரெடி கேவ் இட்' என்று சிம்பிள் பாஸ்டோடு இச்சொற்களைச் சேர்த்துப் பேசுவது சகஜம், அது பிழையில்லை. அங்கே யெட்டும் ஆல்ரெடியும்தான் பொருள் முழுவதையும் சுமக்கின்றன. அவற்றை விழுங்கிவிடாமல் அழுத்திச் சொல்லுங்கள்.

அயர்லாந்துக்குப் போகிறவர்கள் இன்னொன்றுக்குத் தயாராக இருக்க வேண்டும். 'ஐம் ஆஃப்டர் கிவிங் ஹிம் த டேப்லெட்' என்று அங்கே ஒரு செவிலியர் சொன்னால், பிறகு கொடுக்கப்போகிறார் என்று நம் காதுக்குத் தோன்றும். இப்போதுதான் கொடுத்து முடித்தேன் என்பதே அதன் பொருள். ஐரிஷ் மொழியின் அமைப்பிலிருந்து அவர்கள் ஆங்கிலத்துக்குள் வந்த வழக்கு அது. நீங்கள் அப்படிப் பேச வேண்டியதில்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு மாத்திரைப் பெட்டியைத் திறக்கப் போகாதீர்கள்.