பாக்கெட்டே வாங்காதவருக்கு எந்த எச்சரிக்கை?

வேலூரில் பல் மருத்துவரான என்னிடம் பல் வலி என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது பல்லை அல்ல, வாய் எவ்வளவு திறக்கிறது என்பதைத்தான். அவரவர் கையின் மூன்று விரல்களைச் சேர்த்து, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் செங்குத்தாக நுழைக்கச் சொல்வேன். மூன்றும் நுழைந்தால் கவலையில்லை. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து வரும் பையன்கள் சிலருக்கு இரண்டு விரலே சிரமமாக இருக்கிறது. "காரம் சாப்பிட்டா வாய் எரியுதா?" என்று கேட்டால்தான், "ஆமாம் மேடம், கொஞ்ச நாளா கொழம்பே வாயில வெக்க முடியல" என்று சொல்வார்கள். கன்னத்தின் உட்புறத்தை விரலால் தடவினால், மெத்தென்று இருக்க வேண்டிய இடம் வெளிறி, உள்ளே கயிறு ஓடுவதுபோலத் தட்டுப்படும். சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்கிற இந்த நோய்க்கு முதன்மையான காரணம் பாக்கு. பான் மசாலா, குட்கா பாக்கெட்டுகளில் பெரும்பகுதி அதுதான். பழக்கத்தை நிறுத்தினால் நோய் முற்றுவதைத் தடுக்கலாம்; இறுகிப்போன சதை முழுவதுமாகப் பழையபடி ஆகாது. சிலருக்கு இதுவே வாய்ப் புற்றுநோயாக மாறுகிறது.

"புகையிலைப் பழக்கம் உண்டா?" என்ற கேள்விக்கு நேரான பதில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. "சிகரெட்டு, பீடி எதுவும் கெடயாது மேடம்" என்பார்கள். "உதட்டுல எதனா வெப்பியாப்பா?" என்று கேட்டால், "அது எப்பனா ஒண்ணு ரெண்டு" என்று தலை குனியும். கீழுதட்டை மெல்ல வெளியே இழுத்துப் பார்த்தால் எப்பனா இல்லை, தினமும் என்று தெரிந்துவிடும். புகையிலை பொதியும் அந்த ஒரே இடத்தில் மட்டும் சவ்வு வெள்ளையாகி, தண்ணீரில் ஊறிய விரல் நுனிபோலச் சுருங்கியிருக்கும், பக்கத்துப் பல்லின் ஈறும் கீழே இறங்கியிருக்கும். இந்தக் கட்டத்தில் நிறுத்திவிட்டால் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் அந்த வெள்ளை மறைந்துவிடுகிறது. அதனால்தான் பள்ளிப் பையன்களை அழைத்துவரும் பெற்றோரிடம், திட்டாமல், அடிக்காமல் முதலில் என்னிடம் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2003-ல் வந்த சிகரெட் மற்றும் புகையிலைப் பொருட்கள் சட்டம், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது, கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கவே கூடாது என்கிறது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைப்பதற்கான தடை இன்னும் கடுமையானது. 2016 ஏப்ரல் 1 முதல் பாக்கெட்டின் இரண்டு பக்கத்திலும் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். உலக அளவில் பார்த்தாலும் இது பெரிய அளவு. அந்தப் படங்கள் மிகை இல்லை. அப்படிப்பட்ட வாய்களை நான் நேரில் பார்க்கிறேன்.

ஆனால் நம் ஊரில் எத்தனை பேர் பாக்கெட் வாங்குகிறார்கள்? ஆற்காடு ரோட்டிலோ காட்பாடி ஸ்டேஷன் பக்கமோ ஒரு பெட்டிக்கடை முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். காசை நீட்டினால் கடைக்காரர் ஒற்றை சிகரெட்டை உருவிக் கொடுப்பார். பீடியும் கட்டைப் பிரித்து இரண்டு, மூன்றாகப் போகும். தொங்குகிற லைட்டரில் பற்ற வைத்துக்கொண்டு ஆள் நகர்ந்துவிடுவார். 85 சதவீதப் படம் அச்சடித்த அட்டை கடைக்காரரின் கையிலேயே தங்கிவிடுகிறது. பழக்கத்தை விட உதவும் தொலைபேசி எண்ணும் அந்த அட்டையில்தான் இருக்கிறது. யாருக்காக அச்சடித்தார்களோ அவர் கண்ணில் அது படுவதே இல்லை. கையில் முழுப் பாக்கெட்டுக்குக் காசு இல்லாத பள்ளிப் பையனுக்குச் சில்லறை விற்பனைதான் வாசல்.

சில்லறையாக விற்பதை 2020 செப்டம்பரில் மகாராஷ்டிரம் தடை செய்தது. பக்கத்துக் கர்நாடகம் 2024-ல் சட்டத் திருத்தம் நிறைவேற்றி, வாங்கும் வயதை 21 ஆக்கியதோடு ஒற்றையாக விற்பதையும் தடுத்தது. மத்திய அரசும் 2020-ல் இதே இரண்டையும் சேர்த்து ஒரு வரைவு மசோதா வெளியிட்டது, அது சட்டமாகவில்லை. தமிழ்நாடு யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. புகையிலை விற்கும் கடைக்கு உள்ளாட்சியில் தனி லைசென்ஸ், அந்தக் கடையில் பிஸ்கட்டும் மிட்டாயும் விற்கக் கூடாது, சில்லறையாக எதையும் எடுத்துத் தரக் கூடாது: இந்த மூன்றும் வந்தாலே என் நாற்காலிக்கு வரும் கூட்டம் குறையும் என்று உறுதியாக நம்புகிறேன்.

குட்காவின் கதை வேறு. தமிழ்நாடு 2001-லேயே தடை போட்டது. 2004-ல் உச்ச நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. பிறகு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2011-ல் வந்தன. எந்த உணவுப் பொருளிலும் புகையிலையோ நிகோட்டினோ சேர்க்கக் கூடாது என்பது அதில் ஒன்று. அதை வைத்து 2013 மே மாதம் மீண்டும் தடை வந்தது. ஆனால் அந்தச் சட்டப்பிரிவில் ஓர் ஆணை ஓராண்டுக்குத்தான் செல்லும். அதனால் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டே போனார்கள். இப்படியே தற்காலிக ஆணையை நிரந்தரத் தடையாக்க உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு அதிகாரம் இல்லை என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. இத்தனை பேர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் வருடா வருடம் ஓர் ஆணையில் தொங்கக் கூடாது. சட்டமன்றத்தில் நிரந்தரச் சட்டமாகவே வர வேண்டும்.

வேலூருக்கு இதில் கூடுதல் சுமை. பெங்களூரு நெடுஞ்சாலை நம் ஊர் நடுவில் போகிறது, ஆந்திர எல்லை காட்பாடியைத் தாண்டினால் வந்துவிடுகிறது, ஜோலார்பேட்டை வழியாக வரும் பல ரயில்கள் காட்பாடியில் நிற்கின்றன. குட்கா மூட்டை மூட்டையாகப் பிடிபட்ட செய்தியை மாதம் தவறாமல் படிக்கிறோம். தப்பி வருவது மளிகைக் கடையில் கல்லாவுக்கு அடியில் இருக்கிறது. முகம் தெரிந்தவருக்கு மட்டும் கிடைக்கும். பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பள்ளி அருகே விற்பவருக்குப் புகையிலைச் சட்டத்தில் அபராதம் வெறும் 200 ரூபாய்தான். ஆனால் 2015-ன் சிறார் நீதிச் சட்டம் 77-ம் பிரிவில், குழந்தைக்குப் புகையிலை கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. புகார் எழுதும்போது அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

இ-சிகரெட் பற்றிக் கல்லூரி மாணவர்கள் கேட்கிறார்கள். 2019 முதல் நாடு முழுக்க அதன் உற்பத்தி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். பழ வாசனை வந்தாலும் உள்ளே போவது நிகோட்டின்தான்.

பீடிக்கு வருகிறேன். இதை எழுதுவது எனக்குச் சுலபமில்லை, ஏனென்றால் நம் மாவட்டத்தில் பீடி என்பது பல ஆயிரம் பெண்களின் அடுப்பு. முறத்தை மடியில் வைத்து, இலையைத் தகட்டு அளவுக்கு வெட்டி, தூளை நிரப்பி, சுருட்டி, நூல் சுற்றி, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார்கள். பல் காட்ட வரும்போதே இருமலும் கழுத்து வலியும் சேர்ந்தே வருகின்றன. 1976-ன் நலநிதிச் சட்டப்படி பீடிக்கு வசூலித்த செஸ் என்ற தனி வரிதான் இவர்களின் மருத்துவமனைக்கும் பிள்ளைகளின் உதவித்தொகைக்கும் போனது. 2017-ல் ஜிஎஸ்டி வந்ததும் அந்த செஸ் நின்றது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் சிகரெட்டுக்கு 40 சதவீதம் என்றும், பீடிக்கு 28-லிருந்து 18 சதவீதம் என்றும் முடிவெடுத்தது. தொழிலாளருக்காக என்றார்கள். வரி குறைந்தால் பீடி மலிவாகும். கூலி அதனால் உயர்ந்துவிடாது. பீடிப் புகை சிகரெட்டைவிடச் சாது என்பதும் உண்மையில்லை. அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் தாரும் கார்பன் மோனாக்சைடும் அதிகமாகவே உள்ளே போகின்றன. வரியைக் கூட்டி, அந்தப் பணத்தில் இந்தப் பெண்களுக்கு வேறு தொழில் கொடுங்கள் என்பதே என் கோரிக்கை. இந்தியா 2004-ல் ஏற்ற உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 17-ம் பிரிவு கேட்பதும் அதுதான்.

விட நினைப்பவர்களுக்கு: 1800-11-2356 கட்டணமில்லா எண், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை மையத்திலிருந்து தமிழிலும் பேசுகிறார்கள். 2 மில்லிகிராம் நிகோட்டின் கம் மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். பலர் அதைச் சூயிங்கம் மாதிரி மடமடவென்று மென்று, விக்கல் வந்து, துப்பிவிட்டு, "ஒத்துக்கல மேடம்" என்று வருகிறார்கள். மெதுவாக மெல்லுங்கள். நாக்கில் சுருக்கென்று காரம் தட்டியதும் மெல்வதை நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கினால் மறுபடி மெல்லுங்கள். ஒரு கம் அரை மணி நேரம் வரும். டீ, காபி குடித்து கால் மணி நேரமாவது கழித்துப் போடுங்கள். கர்ப்பிணிகளும் இதய நோய் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். வாயில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ ஆறாத புண்ணோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், வலி இல்லை என்று விட்டுவிடாமல் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்துப் பல் மருத்துவரிடமோ அந்த வாரமே காட்டுங்கள்.