டிஷ்யூ பாக்கெட்டை மதிக்காத கம்பைலர்

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடி நிலையத்தில் மதிய நேரம். மேசைமேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் போதும், பிரியாணி வரிசையில் நிற்பவர் திரும்பும்வரை அந்த இடத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். 'சோப்' பண்ணியாயிற்று, அதாவது இடம் பிடித்தாயிற்று. நிரல் எழுதும்போதும் இப்படித்தான் நினைத்துக்கொள்கிறோம்: அடைப்புக்குறிக்குள் ஒரு மாறியை அறிவித்தால், மூடும் குறி வரும்வரை அதற்கென ஓர் இடம் இருக்கும் என்று.

வேகத்துக்காக நிரலைச் செம்மைப்படுத்தும் ஆப்டிமைசேஷனை இயக்கிவிட்டால், நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரிடம் அந்த நாகரிகமெல்லாம் செல்லாது. மாறியின் மதிப்பு கடைசியாக எங்கே படிக்கப்படுகிறது என்று மட்டும் பார்க்கும். அந்த வரி தாண்டியதும் இடம் காலி. மூடும் குறிக்கு இன்னும் ஐம்பது வரி இருந்தாலும் சரி.

இவ்வளவு கறார் ஏன்? மேசைகள் குறைவு. வழக்கமான 64-பிட் இன்டெல், ஏஎம்டி செயலிகளில் பொதுப் பயன்பாட்டு ரிஜிஸ்டர்கள், அதாவது செயலிக்குள்ளேயே மதிப்புகளை வைக்கும் சிறு இடங்கள், 16தான். அதிலும் ஒன்று, நினைவகத்தில் உள்ள ஸ்டாக் என்ற தற்காலிக இடத்தைச் சுட்டவே போய்விடுகிறது. 64-பிட் ஆர்ம் செயலியில் 31.

இந்தப் பங்கீட்டை வண்ணம் தீட்டும் கணக்காக மாற்றி, 1981இல் ஐபிஎம்மின் கிரெகரி சைத்தினும் சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே சமயத்தில் தேவைப்படும் இரு மாறிகளுக்கு நடுவே கோடு போடு. கோட்டால் இணைந்தவை ஒரே நிறம் பெறக்கூடாது. நிறம் என்பது ரிஜிஸ்டர். அறையின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கிப் பரப்பு காண்கிறோம். அதற்குப்பின் நீளம் தேவையில்லை என்றால், நீளம் இருந்த ரிஜிஸ்டரிலேயே பரப்பு உட்கார்ந்துகொள்ளும். நிறம் போதாதபோது சிலவற்றை ஸ்டாக்குக்கு அனுப்ப வேண்டும். லூப்புக்குள் அடிக்கடி வருபவற்றை விட்டுவிட்டு, எப்போதாவது எட்டிப்பார்ப்பவற்றைத்தான் பெரும்பாலும் கிளப்புவார்கள்.

சில மாறிகளுக்கு நிற்கவும் இடமில்லை. மதிப்பு முன்பே தெரிந்தால் அந்த எண்ணே நேராகக் கட்டளைக்குள் போய்விடும். அந்த மாறியைக் காட்டச் சொன்னால், பிழை தேட உதவும் டிபக்கர் 'ஆப்டிமைஸ்டு அவுட்' (கம்பைலர் நீக்கிவிட்டது) என்று சொல்லும்போது, அதைத் திட்டிப் பயனில்லை (நான் திட்டியிருக்கிறேன்).

மூடும் குறிக்கு மதிப்பே இல்லையா என்றால், உண்டு. 2021 செப்டம்பர் முதல் உணவங்காடியில் சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் அமலாக்க நடவடிக்கை வரும் அல்லவா? சி பிளஸ் பிளஸ் மொழியில், மாறியின் ஆயுள் முடியும்போது தானாக ஓடிச் சுத்தம் செய்யும் டிஸ்ட்ரக்டர் அந்த ரகம். ஒரு மாறி பூட்டு ஒன்றை (ஒரு தரவை ஒரே நேரத்தில் நிரலின் ஒரு பகுதி மட்டும் தொடவிடும் ஏற்பாடு) பிடித்துவைத்திருந்தால், மூடும் குறியில்தான் அது விடுபடும். முன்கூட்டியே விட்டால் நிரலின் பொருளே மாறிவிடும் என்பதால் கம்பைலர் அதில் கைவைக்காது. பூட்டைச் சீக்கிரம் விட வேண்டியவர்கள், செயற்கூறின் நடுவே அதற்காகவே தனியாக ஒரு சோடி அடைப்புக்குறி போட்டிருப்பார்கள்.