கார் எடுக்கிறதுக்கு முதல் கலண்டரை எடுங்கள்

சித்திரை வருடப் பிறப்பு முடிந்த கையோடு களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு மாஸ்டரும் அவருடைய மனைவியும் எங்கள் பயண முகவர் அலுவலகத்துக்கு வந்தார்கள். இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். மகள் சுவிசில், சூரிச்சுக்குப் பக்கத்தில் இருக்கிறா. பேரப்பிள்ளையைப் பார்க்க 28 நாள் பயணம். விசா கைக்கு வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாயிற்று. எழும்பப் போகிற நேரத்தில் மாஸ்டர் கேட்டார்: "தம்பி, அங்க இறங்கின உடன ஒரு காரை வாடகைக்கு எடுத்தா என்ன? மருமகன் வேலைக்குப் போற ஆள். அவரைக் கரைச்சல் படுத்தாம நாங்களே போய் வரலாமே. 30 வருசமா நான் கார் ஓடுறன்."

இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருகிறது. மட்டக்களப்பில் இந்த அலுவலகத்தைத் தொடங்குவதற்கு முன் துபாயில் ஒரு வாடகைக் கார் நிறுவனத்தின் கவுண்டரில் 6 வருடம் நின்றவன் நான். சாவியைக் கொடுத்த பக்கத்தில் இருந்து பார்த்தவற்றையும், இங்கே வந்த பிறகு திரும்பி வந்தவர்கள் சொன்னவற்றையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மாஸ்டருக்கு உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. ஒரு தாளில் 28 கட்டம் போட்டு டீச்சரிடம் கொடுத்தேன். எந்த நாளில் எங்கே போவீர்கள் என்று தெரிந்த வரைக்கும் எழுதுங்கள் என்றேன். எழுதி முடித்தபோது 19 கட்டங்களில் "வீடு, பிள்ளை" என்றே இருந்தது. லுட்சேர்ன், இன்டர்லாக்கன் என்று ஊர் பார்க்கிற நாட்கள் ஆறு. ஜெர்மனியில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோவிலுக்கு மகள் குடும்பத்தோடு போய் வர மூன்று நாள்.

வீட்டு நாட்களில் கார் வாசலில் சும்மா நிற்கும். நின்றாலும் நாள் வாடகை ஓடும். அந்த ஊர்களில் வாசலில் நிறுத்துவதற்கும் கணக்கு உண்டு. நீலக் கோடு போட்ட இடத்தில் நேர அட்டையைக் கண்ணாடியில் வைத்து, பகலில் ஒரு மணித்தியாலம் மட்டும் விடலாம். அடுக்குமாடியில் விருந்தாளியின் காருக்கென்று இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். ஊர் பார்க்கிற நாட்களுக்கு ரயில் இருக்கிறது. வெளியிலிருந்து வருபவர்களுக்காகவே சுவிஸ் டிராவல் பாஸ் என்று ஒன்று விற்கிறார்கள். ரயில், பஸ், ஏரிக் கப்பல் எல்லாவற்றுக்கும் அது செல்லும். நீண்ட நாள் தங்கி இடைக்கிடை மட்டும் வெளியே போகிறவர்களுக்கு ஒரு மாத அரைக்கட்டண அட்டை இன்னும் பொருத்தம். மிஞ்சியது ஹம் போகிற மூன்று நாள். சூரிச்சிலிருந்து ஒரு பக்கம் மட்டும் 600 கிலோமீட்டரைத் தாண்டும். ஆறு பேர், ஒரு குழந்தை, அர்ச்சனைச் சாமான்கள். அதற்கு ஒரு பெரிய கார் எடுப்பது நியாயம் என்று எனக்கும் பட்டது.

என்னிடம் வருகிற பெரும்பாலானவர்களுக்கு விடை இப்படித்தான் அமைகிறது. பயணம் முழுவதற்கும் கார் தேவைப்படுவது மிகக் குறைவு. தேவைப்படுகிற அந்த இரண்டு மூன்று நாளைப் பிரித்தெடுத்து, அந்த நாட்களுக்கு மட்டும் எடுங்கள். முக்கியமாக, இறங்கின அன்று எடுக்காதீர்கள். மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வான் பிடித்துப் போக ஆறேழு மணித்தியாலம், அங்கே காத்திருப்பு, பிறகு இரவெல்லாம் விமானம். ஒன்றரை நாள் சரியாக நித்திரை கொள்ளாத ஒருவர் கவுண்டருக்கு வந்து நிற்பதை நான் நூறு தடவைக்கு மேல் பார்த்திருக்கிறேன். காட்டுகிற இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுவார். மேலதிகக் காப்புறுதி விற்றால் எங்களுக்குக் கொமிஷன் இருந்தது. வாசிக்காமல் கையெழுத்துப் போடுகிறார் என்று தெரிந்தே நானும் விற்றிருக்கிறேன். அது சரியில்லை என்று அப்போதே மனது சொன்னது.

அடுத்தது ஓடுகிற பக்கம். நாங்கள் இடப்பக்கம் ஓடிப் பழகியவர்கள். இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், ஜப்பான் எல்லாம் நம்மைப் போலத்தான். சுவிஸ், பிரான்ஸ், ஜெர்மனி, நோர்வே, கனடா, அமெரிக்கா, வளைகுடா நாடுகள் வலப்பக்கம். "இரண்டு நாளில் பழகிவிடும்" என்று அங்கிருக்கிற உறவுகள் சொல்வார்கள். நெரிசலில் அது உண்மை, முன்னால் போகிற வாகனமே வழிகாட்டிவிடும். ஆபத்து வருவது வீதி வெறுமையாக இருக்கும்போது. விடியற்காலையில் பெற்றோல் நிலையத்திலிருந்து வெளியே வருகிறீர்கள், எதிரே ஒரு வாகனமும் இல்லை. கை தானாகவே இடப்பக்கத்துக்குத் திருப்பும். 30 வருட அனுபவம் அந்த இடத்தில் உதவுவதில்லை, பழக்கம் ஊறியிருப்பதால்தான் கை அப்படிப் போகிறது.

சுற்றுவட்டத்தை எடுங்கள். இங்கே நாங்கள் கடிகாரம் சுற்றுகிற திசையில் போகிறோம், வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிடுகிறோம். அங்கே எதிர்த் திசையில் சுற்ற வேண்டும், வட்டத்துக்குள் இடப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். சரி, அதைப் பழகிவிட்டீர்கள் என்று வைப்போம். சுவிஸ், ஜெர்மனி, பிரான்சில் பலகை எதுவும் இல்லாத சின்னச் சந்தியில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்குத்தான் முதலிடம். சின்ன ஒழுங்கைதானே என்று நேரே போனால் பிழை உங்களுடையது. கனடாவில் மஞ்சள் பள்ளிக்கூட பஸ் சிவப்பு விளக்கை மினுக்கினால், நடுவில் தடுப்புச் சுவர் இல்லாத வீதியில் எதிர்ப்பக்கத்தில் வருகிற நீங்களும் நிற்க வேண்டும். இதையெல்லாம் ஒரே நாளில், தெரியாத ஊரில், பின்னால் பேரப்பிள்ளை அழுதுகொண்டிருக்க நினைவில் வைக்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போவதும் அங்கே இல்லை. சுவிசில் 12 வயது அல்லது 150 சென்ரிமீற்றர் உயரம் வரும்வரை பிள்ளைக்குத் தனி இருக்கை வேண்டும்.

நான் அதிகம் கவலைப்படுகிற விஷயம் இனித்தான் வருகிறது. நம்மவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. "மச்சான் தன்ர பேரில எடுத்துத் தாறன் எண்டவர், நான் ஓடுவன்." பாசத்தில் செய்கிற காரியம்தான். ஆனால் வாடகை ஒப்பந்தத்தில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவர் மட்டும்தான் அந்தக் காரை ஓட்டலாம். இரண்டாமவர் ஓட்ட வேண்டுமென்றால் கவுண்டரில் அவருடைய லைசன்சையும் காட்டிப் பெயரைச் சேர்க்க வேண்டும். அதற்குப் பொதுவாக நாளுக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம் இருக்கும். அந்தச் சின்னக் காசை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் பெரிய காசு போகிறது.

வாழைச்சேனைப் பக்கத்து ஒருவர் ஐரோப்பாவில் அக்காவின் மகனிடம் போயிருந்தார். மருமகன் தன் பெயரில் காரை எடுத்து, வார நாட்களில் இவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். கடைத் தரிப்பிடத்தில் ஒரு தூணில் முன்பக்கம் மோதிவிட்டது. ஆளுக்கு ஒன்றுமில்லை, பம்பரும் ஒரு விளக்கும் மட்டும் உடைந்தன. நிறுவனம் கேட்ட முதல் கேள்வி, யார் ஓட்டினார்கள் என்பது. ஒப்பந்தத்தில் இல்லாதவர் ஓட்டியதால் காப்புறுதி செல்லாது என்று எழுதிவிட்டார்கள். திருத்தச் செலவு முழுவதும், கார் கராஜில் நின்ற நாட்களுக்கான நட்டமும் மருமகனின் கிரெடிட் கார்டிலிருந்து போனது. பணத்தை இவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து முடித்துவிட்டார். அக்கா வீட்டோடு இருந்த பேச்சு மட்டும் இன்னும் பழையபடி வரவில்லை. அவர் இதை என்னிடம் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டிருந்தார். தூணில் மோதியதால் இத்தோடு போனது. ஒரு மனிதர் மேல் மோதியிருந்தால் அவருக்குக் கொடுத்த நட்டஈட்டைக் காப்புறுதி நிறுவனம் திருப்பிக் கேட்டிருக்கலாம்.

உறவினரின் சொந்தக் காரை ஓட்டுவதும் இதே கதைதான். இங்கிலாந்தில் காப்புறுதி பொதுவாகப் பெயர் குறிப்பிட்ட சாரதிக்கே செல்லும். பெயர் இல்லாதவர் ஓட்டிப் பிடிபட்டால் குற்றம், பொலிஸ் காரையே எடுத்துக்கொண்டு போகலாம். எந்த நாடாக இருந்தாலும் காரின் உரிமையாளர் தன் காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகு சாவியைத் தொடுங்கள்.

விசாவுக்கு எடுத்த காப்புறுதி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். ஷெங்கன் விசாவுக்கு (சுவிஸ், ஜெர்மனி, பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்லும் ஒரே விசா) நாங்கள் எடுத்துக் கொடுப்பது குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்புறுதி. வருத்தம் வந்தால், வைத்தியசாலையில் கிடந்தால் அது கொடுக்கும். காரில் விழுந்த கீறலுக்கு அதிலிருந்து ஒரு சதமும் வராது.

காரோடு வருகிற காப்புறுதியிலும் உங்கள் பங்கு என்று ஒரு தொகை இருக்கும். சேதம் அந்தத் தொகைக்குள் இருந்தால் முழுவதும் நீங்கள்தான் கட்ட வேண்டும். ஐரோப்பாவில் பல இடங்களில் அது 1,000 யூரோவைத் தாண்டுகிறது. ரயர், கண்ணாடி, காரின் அடிப்பக்கம், கூரை ஆகியவற்றைப் பெரும்பாலும் சேர்க்க மாட்டார்கள். சாவி தரும்போதே ஒரு தொகையை உங்கள் கார்டில் பிடித்து வைப்பார்கள். ஒப்பந்தக்காரரின் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டைத்தான் அதிகமானோர் கேட்பார்கள், டெபிட் கார்டை ஏற்காத இடங்களும் உண்டு. பிடித்த பணம் திரும்பி வர நாட்கள், சிலவேளை வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் உங்கள் கார்டில் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்பதை இங்கே இருக்கும்போதே வங்கியில் கேளுங்கள். அப்புறம், காரை எடுக்கும்போது நாலு பக்கமும் ரிம்மையும் கூரையையும் கைப்பேசியில் காணொளியாக எடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் எடுங்கள். பூட்டியிருக்கிற நேரத்தில் சாவியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்தால், அடுத்த நாள் அவர்கள் வந்து பார்க்கும்வரை பொறுப்பு உங்கள் தலையில்தான் இருக்கும்.

லைசன்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொழும்பில் இலங்கை ஓட்டோமொபைல் சங்கம் கொடுக்கிறது. 1949ஆம் ஆண்டு ஜெனிவா உடன்படிக்கையின் கீழ் வருவது, ஒரு வருடம் செல்லும். அது தனியாக ஒரு லைசன்ஸ் இல்லை, உங்கள் லைசன்சின் மொழிபெயர்ப்பு மாதிரி. இரண்டையும் சேர்த்தே காட்ட வேண்டும். ஓட்டோவுக்கான பி1 மட்டும் உள்ளவருக்கு அது கார் ஓட்டுகிற உரிமையைத் தராது. அட்டைக்குப் பதிலாகத் தற்காலிகத் தாளை வைத்திருப்பவர்கள் அட்டை வரும்வரை பொறுத்திருங்கள். விசா அலுவலுக்கு இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போகிற அன்றே இதையும் முடித்துவிடலாம். இணையத்தில் "24 மணித்தியாலத்தில் சர்வதேச லைசன்ஸ்" என்று விற்பவற்றுக்குச் சட்டப் பெறுமதி எதுவும் இல்லை. தயவுசெய்து வாங்காதீர்கள். ஐரோப்பாவில் எடுப்பதானால் ஓட்டோமெற்றிக் என்று சொல்லிப் பதிவுசெய்யுங்கள். சொல்லாவிட்டால் கியர் காரைத்தான் நீட்டுவார்கள். வேகன் ஆர் ஓட்டிப் பழகியவருக்கு வலது கையால் கியர் மாற்றுவது இன்னொரு பாரம்.

நாட்டுக்கு நாடு என் கருத்து மாறும். வேளாங்கண்ணி, மதுரை, திருவண்ணாமலை என்று போகிறவர்கள் சாரதியோடுதான் கார் எடுக்க வேண்டும். ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர் கணக்கு, சாரதி பேட்டா எவ்வளவு என்பதை முதலே பேசிவிடுங்கள். சிங்கப்பூரில் கார் வேண்டவே வேண்டாம். கோலாலம்பூரில் பத்துமலைக்கு ரயிலே போகிறது. ரொறன்ரோவில் நகரத்துக்குள் தேவையில்லை, நயாகரா தாண்டித் தூரம் போவதானால் யோசிக்கலாம். அங்கே கட்டணம் அறவிடுகிற 407 நெடுஞ்சாலையில் கட்டணக் கூடம் கிடையாது, கமரா இலக்கத் தகட்டைப் படம் எடுக்கும். நீங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு நிறுவனம் தன் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் கார்டிலிருந்து எடுக்கும். வேகக் கமராத் தண்டமும் இப்படித்தான் மாதங்கள் கழித்து வந்து சேரும்.

மாஸ்டர் குடும்பம் கடைசியில் மூன்று நாளுக்குத்தான் கார் எடுத்தது, மருமகன் பெயரில். மாஸ்டர் சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுத்துக்கொண்டுதான் போனார். ஆனால் அங்கே போய் ஒரு நாள் பக்கத்து இருக்கையில் இருந்து பார்த்துவிட்டு, தன் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டாராம். ஜெர்மனிக்குப் போகிற விஷயத்தையும் கவுண்டரில் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதுவித்தார்கள். எல்லை தாண்டுவதைச் சொல்லாமல் போனாலும் காப்புறுதி இல்லாமல் போகலாம்.

இந்த ஆவணியில் மாஸ்டரின் மகள் குடும்பம் இங்கே வருகிறது. இப்போது மருமகன் அதே கேள்வியை எனக்கு எழுதியிருக்கிறார்: கட்டுநாயக்காவில் கார் எடுத்து நானே ஓட்டிக்கொண்டு வரலாமா? 2025இலிருந்து வெளிநாட்டவர்களுக்கு விமான நிலையத்திலேயே தற்காலிக அனுமதிப்பத்திரம் கொடுக்கிறார்கள், ஆகவே சட்டப்படி வழி இருக்கிறது. ஆனால் அவர்களுடைய விமானம் பின்நேரம் இறங்குகிறது. வெலிக்கந்தை, புனானைப் பக்கம் வரும்போது நடுச்சாமம் ஆகிவிடும். அங்கே யானை வீதிக்கு வரும், வலப்பக்கம் ஓடிப் பழகிய கைக்கு அது நேரமில்லை. சாரதியோடு ஒரு வான் பேசியிருக்கிறேன். இங்கே வான்களில் பிள்ளை இருக்கை கிடைப்பது கஷ்டம். வீட்டில் இருப்பதையே கொண்டுவரச் சொல்லி எழுதினேன். பல விமான நிறுவனங்கள் அதற்குத் தனிக் காசு எடுப்பதில்லை, டிக்கெட் போட்ட இடத்தில் கேட்டுவிட்டுக் கட்டுங்கள் என்றும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.