கம்பெனி வாங்கிய கடனுக்கு என் வீடு எப்படிப் போகும் என்று கேட்பவர்களுக்கு

கொளத்தூரில் உள்ள ஒரு தனி வீட்டைக் கடன் பாக்கிக்காக வங்கி தன் வசம் எடுத்துக்கொண்டதாகச் சுவாதீன அறிவிப்பு சென்ற வாரம் நாளிதழில் வந்தது. வீட்டுக்காரர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் ஒரு பெட்டிக்கடைகூட நடத்தியதில்லை. தங்கையின் கணவர் தொடங்கிய தொலைக்காட்சி சேனலுக்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்து, ஜாமீன் கையெழுத்தும் போட்டார். அது ஒன்றுதான் அவர் செய்த வியாபாரம். அறிவிப்பைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தவர், "ஆடிட்டர் சார், கடன் வாங்கியது கம்பெனி. என் வீட்டை எப்படி எடுக்க முடியும்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஒருமுறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

வடபழனி, சாலிகிராமம் பக்கம் எடிட்டிங், டப்பிங் கூடம் நடத்துகிறவர்களில் சிலருக்குக் கையில் நாலு காசு சேர்ந்ததும் சேனல் ஆசை வந்துவிடும். வரும்போதே யாராவது ஒரு முதலாளியின் வாழ்க்கைக் கதையோடு வருவார்கள். உள்ளூர் உதாரணம் கலாநிதி மாறன்: 'பூமாலை' வீடியோ இதழில் தொடங்கி, 1993 தமிழ்ப் புத்தாண்டன்று சன் டிவியை ஒளிபரப்பியவர். வெளியூர் உதாரணம் சுபாஷ் சந்திரா: ஹிசாரில் தானிய வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, ஆசியாசாட் செயற்கைக்கோளில் ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் வாடகை பேசி, 1992 அக்டோபர் 2 அன்று ஜீ டிவியைத் தொடங்கியவர். "அவரிடம் என்ன இருந்தது சார், துணிச்சல்தானே?" என்பார்கள். பற்பசைக் குழாய் செய்யும் தொழிற்சாலையும், மும்பையில் எஸ்ஸெல் வேர்ல்ட் பூங்காவும் அதற்கு முன்பே அவரிடம் இருந்தன. அந்த வரி மட்டும் யார் கண்ணிலும் படுவதில்லை.

அதைவிட எரிச்சல், கதையைப் பாதியில் மூடிவிடுவது. 2019 ஜனவரி 25 அன்று ஜீ பங்கின் விலை ஒரே நாளில் கால்வாசிக்கும் மேல் விழுந்தது. கடன் கொடுத்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுச் சந்திரா பகிரங்கக் கடிதம் எழுதினார். சேனல் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. உள்கட்டமைப்புத் தொழிலில் போட்ட தப்புக் கணக்கையும், வீடியோகானின் டி2எச் என்ற டிடிஎச் தொழிலை வாங்கியதையும் அவரே காரணமாகக் குறிப்பிட்டிருந்தார். வேறு தொழில்களின் கடனுக்கு ஜீ பங்குகள் அடமானத்தில் இருந்தன. 2018-இல் 41 சதவீதத்துக்கும் மேல் இருந்த நிறுவனர் தரப்பின் பங்கு சில ஆண்டுகளில் ஏறக்குறைய 4 சதவீதமாகிவிட்டது. அவரிடமாவது விற்பதற்குப் பங்குகள் இருந்தன.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 'பிரைவேட் லிமிடெட்' என்று பலகை மாட்டிவிட்டால் சொந்தச் சொத்துக்கு ஆபத்தில்லை என்று நம்புகிறீர்கள். பாதி உண்மை. கம்பெனி வேறு, அதன் பங்குதாரர் வேறு என்பது 1896-இல் லண்டனில் சாலமன் வழக்கிலேயே தீர்ந்துபோன சங்கதி. பத்து ரூபாய்ப் பங்குக்குப் பத்து ரூபாயையும் கட்டிவிட்டீர்கள் என்றால், வெறும் பங்குதாரராக இருக்கும்வரை கம்பெனிக் கடனுக்காக உங்களைத் தொட முடியாது. இது வங்கிக்கும் தெரியும். தெரிந்ததால்தான் கம்பெனி முத்திரை குத்திய தாளோடு நிறுத்தாமல், உங்கள் பெயரிலும் உங்கள் மைத்துனர் பெயரிலும் தனித் தாளில் கையெழுத்து வாங்குகிறது. மதிலைக் கட்டியது சட்டம். அதில் திட்டிவாசல் வைத்துச் சாவியைக் கொடுத்தது நீங்கள்.

"அது சும்மா சம்பிரதாயம் என்று மேனேஜரே சொன்னாரே!" சம்பிரதாயத்தை நம்பி யாரும் கோடிக்கணக்கில் கடன் தருவதில்லை. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 128-ஆம் பிரிவு: ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். முதலில் சேனலின் கேமராக்களை விற்று, மீதிக்குத்தான் உங்களிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. டைரக்டர் பதவியை ராஜினாமா செய்துவிட்டேன், அரசு இணையதளத்தில்கூட என் பெயர் இல்லை என்று பெருமையாகக் காட்டுகிறவர்கள் உண்டு. பதவி போகும், ஜாமீன் போகாது. ஜாமீன்தாரர் இறந்துபோனாலும், அதுவரை சேர்ந்த கடன் அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு வாரிசுகளைத் தேடி வரும்.

தொழில் ரீதியாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செய்தி அல்லாத முதல் சேனலின் அனுமதிக்கு கம்பெனிக்கு 5 கோடி ரூபாய் நிகர மதிப்பு (சொத்தில் கடன் போக மிச்சம்) வேண்டும், செய்திச் சேனலுக்கு 20 கோடி. பணத்தைப் புரட்டிக் கணக்கில் போட்டு, சான்றிதழ் வாங்கியதும் எடுத்துவிடலாமா என்று கேட்கிறார்கள். 2019 முதல் நாங்கள் தரும் ஒவ்வொரு சான்றிதழுக்கும் 18 இலக்க எண் உண்டு; அது உண்மையா என்று யாரும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். தயவுசெய்து வேறு எங்கும் போய்க்கூடக் கேட்காதீர்கள். அனுமதி வந்த பிறகுதான் செலவே ஆரம்பம். செயற்கைக்கோளில் சேனலை ஏற்றும் டிரான்ஸ்பாண்டருக்கு வாடகை, கேபிள்காரர்களுக்கும் டிடிஎச் நிறுவனங்களுக்கும் கட்ட வேண்டிய தொகை, சம்பளம் எல்லாம் மாதம் தவறாமல் நிற்கும். விளம்பரப் பணம் வர மாதக்கணக்கில் ஆகும். நடுவில் விழும் பள்ளத்தை நிரப்பத்தான் கடன், கடனுக்குத்தான் உங்கள் பத்திரம்.

கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும் என்றால், நிரப்பாத படிவத்தில் போடாதீர்கள். உங்கள் பொறுப்புக்கு உச்சவரம்பாக ஒரு தொகையை எழுதச் சொல்லுங்கள். 'தொடர் ஜாமீன்' என்று இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், பிற்பாடு உயர்த்தப்படும் கடனும் உங்கள் தலையில் விழக்கூடும். இனிமேல் வாங்கும் கடனுக்கு நான் பொறுப்பில்லை என்று வங்கிக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க அதே ஒப்பந்தச் சட்டத்தின் 130-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. கடனாளியின் வக்கீலையே உங்கள் வக்கீலாகவும் வைத்துக்கொள்ளாதீர்கள். எல்லாத் தாள்களுக்கும் நகல் வாங்குங்கள். கொளத்தூர்க்காரரிடம் ஒரு நகல்கூட இல்லை.

அடமானச் சொத்தில் கை வைக்கும் முன், பாக்கியைக் கட்டச் சொல்லி சர்ஃபேசி சட்டப்படி வங்கி அனுப்பும் 13(2) அறிவிப்பு வந்தால் அலமாரியில் வைக்காதீர்கள். 60 நாள் அவகாசம் இருக்கிறது. ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். சுவாதீனம் எடுத்துவிட்டால், 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். "மாப்பிள்ளை பார்த்துக்கொள்கிறேன் என்றார்" என்பது அங்கே எடுபடாது.

மகனுக்காகவும் கணவருக்காகவும் வங்கிக்கு அழைத்துவரப்படும் பெண்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். மேனேஜர் எதிரே நாற்காலியில் உட்கார வைத்து, பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடங்களை வரிசையாகக் காட்டுவார்கள். பக்கத்தைப் புரட்டிவிடவும் ஒருவர் நிற்பார். அவசரப்படாதீர்கள் அம்மா. வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லுங்கள். ஒரு நாளில் எந்தச் சேனலும் நின்றுவிடாது. வீட்டில் யாராவது கோபித்துக்கொண்டால், ஆடிட்டர் சொன்னார் என்று என் மேல் பழியைப் போடுங்கள்.